பொட்டலத்தில் இருப்பது உயிரோடு இருக்கிறதா?

அம்மா, உங்கள் மகளை நீட் இரண்டு முறை கைவிட்டுவிட்டது. பெரியப்பா வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஏஜெண்ட் நம்பரே கொடுத்துவிட்டார். அதற்காக ஒன்றரை ஏக்கரை அடமானம் வைக்கலாமா என்கிறீர்கள். வைக்காதீர்கள். அந்தக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகளோடு தனியாகப் பேசினேன். டாக்டர் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. பயறுச் செடி வேரில் வாழ்ந்து அதற்கு நைட்ரஜன் தரும் ரைசோபியம் பாக்டீரியா உள்ள உயிர் உரப் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, உளுந்து விதையில் புரட்டி, அப்பா நிழலில் உலர்த்துவதைச் சொன்னாள். "உள்ள இருக்கிறது செத்துப்போயிருந்தா எப்படி சார் தெரியும்?" என்றாள். மருத்துவ சீட்டுக்காக வருகிற பிள்ளைகள் இப்படிக் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நுண்ணுயிரியல் என்ற ஒரு துறையே இருக்கிறது. வறட்சியோ உப்போ தாக்கினால் பல நுண்ணுயிர்கள் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தமக்குள் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் வற்றும்போது புரதமும் செல் சவ்வும் குலையாமல் அது காக்கும். கடையில் வாங்கும் காய்ந்த ஈஸ்ட் வெதுவெதுப்பான நீரில் எழுந்து நுரைக்கிறதே, அதற்கும் இது ஒரு காரணம். மெக்சிகோ ஆய்வாளர்கள் பீன்ஸ் வேரில் வாழும் ரைசோபியம் எட்லியில், இந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவைக் கூடுதலாக வேலை செய்ய வைத்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது: அந்த பாக்டீரியா குடியேறிய செடிகளில் வேர்முடிச்சு கூடியது, வறட்சியில் வாடியவை தண்ணீர் விட்டதும் தேறின.

இப்படி மாற்றிய பாக்டீரியாவை இங்கே நினைத்தபடி வயலில் தூவ முடியாது. மரபணு மாற்றியவற்றை ஆராய்ந்து அனுமதிக்கும் மத்திய அரசின் குழுவான ஜி.இ.ஏ.சி.யின் அனுமதி வேண்டும். ஆனால் உயிர் உரக் கூடங்களில் தரம் பார்க்கும் வேலைக்கும் இதே படிப்புதான். பொட்டலத்து மாவைப் படிப்படியாக நீர்க்க வைத்து, தட்டில் வளர்த்து, உயிரோடு இருப்பவை பெருகி உண்டாக்கும் புள்ளிகளான காலனிகளை எண்ணுவார்கள். அவள் கேள்விக்கு விடையும் அதுதான்.

அரசு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம், இதை நான் மறைக்கப் போவதில்லை. அப்புறம் கேட்-பி என்ற உயிரித் தொழில்நுட்ப முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நன்கொடை கேட்கும் பி.டெக். பயோடெக் பக்கம் போகவே வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் அவளையே கூட்டிப்போய்க் கல்லூரி லேபைப் பாருங்கள். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் தூசி படிந்து கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.