பண்டைய கிரேக்கத்தில் தாயைக் குறித்த சொல் எது? அது எங்கிருந்து வந்தது?

பண்டைய கிரேக்கர் தாயை ‘மேத்தேர்’ என்றனர். டோரிய வட்டார வழக்கில் அது ‘மாத்தேர்’ என ஒலித்தது. சமஸ்கிருதத்தின் ‘மாத்ரு’வோடும் இலத்தீனின் ‘மாத்தெர்’ என்பதோடும் இது ஒத்திருப்பது ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கியதால் அன்று. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டியின் முகச்சாயல் வாய்ப்பதுபோல, எழுத்தில் பதிவாகாத தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியிலிருந்து மூன்றும் இறங்கி வந்தவை.

பெற்றவளோடு அச்சொல் நின்றுவிடவில்லை. குடியேற்றங்களை அனுப்பிவைத்த நகரம் ‘மேத்ரோபோலிஸ்’, அதாவது தாய்நகரம், எனப்பட்டது. சிசிலித் தீவின் சிரக்கூசா நகருக்குக் கிரேக்க நகரமான கொரிந்து அத்தகையது. ஏதென்ஸில் தெய்வங்களின் அன்னைக்குரிய ‘மேத்ரோவோன்’ கோயிலில்தான் அரசு ஆவணங்களே காக்கப்பட்டன என்பது சுவையான செய்தி. இன்றைய மெட்ரோ ரயிலின் பெயரும் ‘மேத்ரோபோலிஸ்’ வழி வந்ததே. மீட்டர் என்னும் நீள அளவையும் இதனோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. அதுவோ ‘அளவு’ எனப் பொருள்படும் ‘மெத்ரோன்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல்லின் வழியில் பிறந்தது.