ஆய்வுகூடத்தில் உள்ள 12 ரோபோக்களுக்கும் ஒரே மெமரி கார்டை நகலெடுத்துப் போடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை பொருத்திய 12 சிறு ரோபோக்கள் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. ஒன்றின் மைக்ரோ எஸ்டி கார்டை ஒழுங்காக அமைத்துவிட்டு மற்றவற்றுக்கு அப்படியே நகலெடுத்தால், சில கார்டுகளில் இடம் போதவில்லை என்கிறது. எழுதி முடிந்தவற்றில் ஒரு ரோபோவுக்குக் கொடுத்த கட்டளைக்கு மற்றதும் ஓடுகிறது. சரியான முறை என்ன? இதற்கென்று விற்கும் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா?

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் பார்ப்பதும் இதே வேலைதான். ஒரு தொகுதி மாணவர்கள் முடித்துப் போனதும், அடுத்த தொகுதி வருவதற்குள் எல்லா ரோபோக்களின் கார்டுகளையும் புதிதாக எழுதிவைக்க வேண்டும். வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்கு அந்த ரோபோவோடு கிடைப்பது சில மணித்தியாலம் மட்டும். அதில் பாதி நேரம் "சேர், இது கனெக்ட் ஆகுதில்ல" என்று போய்விடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு சிக்கலுக்கும் எழுதும் மென்பொருளில் விடை தேட வேண்டாம். எட்சர், ராஸ்பெரி பை இமேஜர், லினக்ஸின் டிடி கட்டளை எல்லாம் கொடுத்ததை அப்படியே எழுதும், அவ்வளவுதான். அசல் கார்டை நகலெடுப்பதற்கு ஏற்றபடி தயார் செய்தீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேலையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

முதலில், ஒன்றின் கட்டளைக்கு மற்றது ஓடும் கதை. நீங்கள் ரோஸ் 2 என்ற ரோபோ மென்பொருளைப் பாவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரே வலையமைப்பில், ஒரே டொமைன் எண்ணோடு இருப்பவை எல்லாம் தாமாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் 0. டர்ட்டில்பொட்3 என்ற கற்பித்தல் ரோபோ வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டில் இருப்பதுபோல 30 என்று போடுவார்கள். அந்தக் கார்டை நகலெடுத்தால் 12 ரோபோவும் 30தான். ஒரு மாணவி தன் லப்டொப்பிலிருந்து "முன்னே போ" என்று கொடுத்தால் அந்த வேகக் கட்டளை அறையிலுள்ள எல்லா ரோபோவுக்கும் போய்ச் சேரும். அடுத்த மேசையில் யாரோ வயர் கொழுவிக்கொண்டிருக்கும் ரோபோவும் சேர்ந்து புறப்பட்டு மேசையிலிருந்து விழும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வேறு எண் வேண்டும். லினக்ஸில் 0 முதல் 101 வரை எதையும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

ஆனால் டொமைன் எண்ணை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். நகலெடுத்த கார்டில் அசல் ரோபோவின் அடையாளம் இன்னும் பல இடங்களில் ஒளிந்திருக்கும். கணினியின் பெயர் ஒன்று. லப்டொப்பிலிருந்து வலையமைப்பு வழியாக ரோபோவுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சேவையகச் சாவிகள் இன்னொன்று. 12 ரோபோவிலும் ஒரே சாவி இருந்தால், நீங்கள் எந்த ரோபோவுக்குள் நுழைகிறீர்கள் என்பதை உங்கள் லப்டொப்பால் பிரித்தறிய முடியாது.

அதிகம் பேரின் கண்ணில் படாதது மெஷின் ஐடி. ஈடிசி (/etc) என்ற அமைப்புக் கோப்புறைக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு சின்னக் கோப்பு இருக்கும். உபுண்டு சேவர் பதிப்பில், ஐபி முகவரி கேட்கும்போது கணினி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அடையாளம் இந்த மெஷின் ஐடியிலிருந்துதான் உருவாகிறது. நெட்வேர்க் கார்டில் பதித்திருக்கும் மெக் முகவரி வேறு வேறாக இருந்தாலும், 12 பேர் ஒரே தேசிய அடையாள அட்டையை நீட்டினால் நடப்பதுதான் ரவுட்டரிலும் நடக்கும். இரண்டு ரோபோவுக்கு ஒரே ஐபி போகும், ஒன்று வந்தால் மற்றது காணாமல் போகும். வைஃபை சரியில்லை என்று நினைத்து ரவுட்டரை மாற்றியும் இது தீராமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் வெறுமையாக்கிவிட்டு நகலெடுங்கள். அடுத்த முறை ரோபோ உயிர்க்கும்போது (பூட் ஆகும்போது), லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி புதிய ஐடி ஒன்றைத் தானே உருவாக்கும்.

அடுத்தது அளவுத்திருத்தம் (கலிபிரேஷன்). உங்கள் ரோபோ டக்கிபொட் மாதிரி இரண்டு சாதாரண டிசி மோட்டாரில் ஓடுவது என்றால் இது பெரிய விஷயம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்கூட ஒரே மின்னழுத்தத்தில் ஒரே வேகத்தில் சுற்றாது. அதனால் ஒவ்வொரு ரோபோவையும் நேராக ஓடவிட்டுப் பார்த்து இடம் வலம் திருத்தி, அந்தத் திருத்த எண்ணைக் கார்டில் சேமித்திருப்பீர்கள். கமரா வில்லையின் வளைவுக்கான திருத்தமும் அப்படித்தான். முதலாம் ரோபோவின் எண்கள் ஏழாம் ரோபோவுக்குப் போனால் அது நேராகப் போகச் சொன்னாலும் ஒரு பக்கம் இழுக்கும். மாணவன் தன் நிரலில் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டே இருப்பான். அவனுடைய நிரல் சரி என்று அவனுக்குச் சொல்ல அங்கே எதுவுமே இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே அளவுத்திருத்தக் கோப்புகளைக் கார்டுக்கு வெளியே, ஆய்வுகூட லப்டொப்பில் ஒரு பிரதி வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பேன்.

இத்தனையையும் நகலெடுத்த பிறகு ஒவ்வொரு கார்டாகத் திறந்து கையால் மாற்றலாம்தான். ஆனால் பத்துக்கு மேல் ரோபோ இருந்தால் எங்காவது ஒன்று தவறும். நான் செய்வது இது. ஒவ்வொரு ராஸ்பெரி பை பலகைக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த ஒரு தொடரிலக்கம் உண்டு. கார்டை மாற்றினாலும் அது மாறாது. எல்லாப் பலகைகளின் தொடரிலக்கத்தையும் ஒரு முறை எடுத்து, அட்டவணையாக ஒரு கோப்பில் எழுதுங்கள்: இந்த இலக்கம் என்றால் இந்தப் பெயர், இந்த டொமைன் எண், இந்த அளவுத்திருத்தக் கோப்பு. அந்த அட்டவணையும் எல்லாத் திருத்தக் கோப்புகளும் அசல் கார்டுக்குள்ளேயே இருக்கட்டும். உயிர்க்கும்போது, வலையமைப்பு எழும்புவதற்கு முன், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடித் தன் பலகையின் இலக்கத்தைப் பார்த்து, அட்டவணையிலிருந்து தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்எச் சாவிகளை அசலில் அழித்துவிடுங்கள், அவை இல்லாவிட்டால் அதே ஸ்கிரிப்ட் புதிதாக உருவாக்கட்டும்.

இதன் அருமை வகுப்பு நடக்கும்போதுதான் விளங்கும். 12 கார்டும் ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். எந்தக் கார்டை எந்த ரோபோவில் போட்டாலும் அது அந்த ரோபோவாகவே எழும்பும். ஒரு கார்ட் செத்துப்போனால் மேலதிகமாக வைத்திருப்பதில் ஒன்றைச் சொருகினால் போதும், வகுப்பு நிற்காது. கணினியின் பெயரை மாற்றும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோ கட்டளை ஒவ்வொரு முறையும் முறைப்பாடு சொல்லும். உபுண்டு சேவர் என்றால், உயிர்க்கும்போது அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட் என்ற நிரல் பெயரைப் பழையபடி ஆக்கிவிடக்கூடும், அதன் அமைப்புக் கோப்பில் பெயரைத் தொடாதே என்று குறித்துவையுங்கள்.

வைஃபை கடவுச்சொல், நிரல்களைச் சேமிக்கும் கிட் (Git) கணக்கின் நுழைவு டோக்கன், கட்டளை வரலாறு இவையும் அசலோடு சேர்ந்து 12 இடத்துக்குப் போகும். கார்டையோ இமேஜையோ (முழுக் கார்டின் பிரதியான ஒரே கோப்பு) வெளியே ஒரு பாடசாலைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, இடம் போதாத பிரச்சினை. 16 ஜிபி என்று அச்சடித்த இரண்டு கார்டுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில வேளை ஒரே தயாரிப்பாளரின் வேறு தொகுதியிலும், சில மெகாபைட் கூடக்குறைய இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு கிடைக்கும் பணத்துக்கேற்பக் கொழும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பிக்கும் எங்களைப் போன்றவர்களின் பெட்டியில் எல்லா இனமும் கலந்துதான் கிடக்கும். முழுக் கார்டையும் இமேஜாக எடுத்தால், அதைவிட ஒரு மெகாபைட் சிறிய கார்டில்கூட அது அடங்காது.

தீர்வு, இமேஜைச் சுருக்குவது. பைஷ்ரிங்க் என்ற இலவச ஸ்கிரிப்ட் இதற்கென்றே இருக்கிறது. லினக்ஸ் பகுதியில் வெறுமையாக உள்ள இடத்தை வெட்டிவிட்டு, முதல் தடவை உயிர்க்கும்போது கார்டின் முழு அளவுக்கு விரியும்படி செய்துவைக்கும். நேரமும் மிச்சம். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதும் கார்டுக்கு 16 ஜிபி எழுத 13 நிமிடத்துக்கு மேல் வேண்டும். அதையே 6 ஜிபியாகச் சுருக்கினால் 5 நிமிடம்.

இமேஜ் எடுக்கும்போது ரோபோவை முறையாக நிறுத்திக் கார்டைக் கழற்றி, லப்டொப்பில் போட்டு எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவிலிருந்து எடுத்தால் பாதி எழுதிய கோப்புகளும் நகலாகும். டிடி பாவிப்பவர்கள் கார்டைச் சொருகுவதற்கு முன்னும் பின்னும் வட்டுகளின் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்தது எது என்று உறுதி செய்யாமல் என்ரரைத் தட்டக் கூடாது. ஓர் எழுத்து மாறினால் லப்டொப்பின் சொந்த வட்டு போய்விடும். எழுதி முடிந்துவிட்டது என்று திரையில் காட்டினாலும் நினைவகத்தில் மிச்சம் இருக்கலாம், முறைப்படி கழற்றிய பிறகே கார்டை எடுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது, ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: போலிக் கார்டுகள். மேலே 32 ஜிபி என்று இருக்கும், கணினியும் 32 ஜிபி என்றே காட்டும், உள்ளே உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும். சுருக்கிய 6 ஜிபி இமேஜை அதில் எழுதினால் ஒரு பிழையும் வராது. எட்சரின் சரிபார்ப்பும் தேறிவிடும், ஏனென்றால் எழுதிய பகுதி உண்மையான இடத்துக்குள் அடங்கிவிட்டது. ரோபோ உயிர்த்து, முழு அளவுக்கு விரிந்து, பிறகொரு நாள் பதிவுகள் கூடிக்கொண்டு போகும்போதுதான் இல்லாத இடத்தில் எழுதத் தொடங்கும். அன்றைக்குக் கோப்புகள் குழம்பும், யாருக்கும் காரணம் விளங்காது. எனவே இமேஜ் சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பது வேறு, கார்ட் நல்லதா என்று பார்ப்பது வேறு. லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவிகள் முழுக் கார்டிலும் எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். புதுக் கார்ட் வந்ததும், ரோபோவுக்குள் போகுமுன்பு, ஒரு இரவு முழுக்கப் போனாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றையும் இதில் போட்டுத் தேறியதற்கு மட்டும் மாக்கரால் இலக்கமிடுங்கள். தேறாததைத் திருப்பிக் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கரண்ட் போவதும் பற்றரி இறங்குவதும் கார்டுக்குப் பெரிய எதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் கோப்புமுறை பழுதாகும். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் ஓவர்லே முறையை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, மாற்றங்கள் எல்லாம் ரேமில் இருந்து, நிறுத்தியதும் மறையும். பாடசாலைப் பிள்ளைகள் வந்து ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதற்கு இது மிக நல்லது. தங்கள் நிரலைச் சேமிக்க வேண்டிய மாணவர்களுக்கு ஒத்துவராது.

நேரம் பற்றியும் ஒன்று. ராஸ்பெரி பை 5க்கு முந்திய பலகைகளில் மின் நின்றாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத நாளில் ஒவ்வொரு ரோபோவும் தன் கார்டில் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். லப்டொப்பும் ரோபோவும் வேறு நேரத்தில் நின்றால் ரோஸ் 2இல் உணரித் தரவுகள் பழையவை என்று தள்ளப்படும். ஆய்வுகூட லப்டொப்பிலேயே ஒரு நேரச் சேவையகத்தை ஓடவிட்டு, அசல் கார்டில் அதன் முகவரியைப் போட்டுவிடுங்கள்.

எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் அலுமாரிக்குள்ளேயே ஈரம் நிற்கும். விடுமுறைக்குக் கார்டுகளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கிறேன். பல்கலைக்கழகங்கள் இருக்கும் வந்தாறுமூலை, ஒலுவில் பக்கமும் இதையே செய்யலாம். கறுத்துப்போன தொடுமுனையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்தாலே சில "செத்த" கார்டுகள் உயிர்க்கும்.

நகலெடுக்கும் இயந்திரம் 12 ரோபோவுக்குத் தேவையில்லை. அது சுருக்கிய இமேஜின் பயனையும் பெரும்பாலும் தராது, முழுக் கார்டையே நகலெடுக்கும். அந்தப் பணத்தில் ஒரு யூஎஸ்பி 3 ஹப்பும் நல்ல ரீடர்கள் நாலும் வாங்கி நாலு நாலாக எழுதுங்கள், 6 ஜிபி இமேஜ் என்றால் ஒரு காலைக்குள் முடியும். மிச்சத்துக்கு ஏ1 (செயலிகளை ஓட்டத் தகுந்த வேகத்துக்கான குறி) குறியிட்ட நல்ல கார்டுகள் வாங்குங்கள், ரோபோ எண்ணிக்கையைவிட மூன்று நாலு கூடுதலாக.