அக்கா பதில்கள்: அம்மச்சி முண்டும் சித்தப்பா பெல்பாட்டமும்

கேள்வி: அக்கா, நான் திருவனந்தபுரத்துல ஐடி கம்பெனியில வேலை பாக்கேன். எங்க அம்மச்சி 1960கள்ல உடுத்த செட் முண்டும் (இடுப்புக்கு முண்டு, மேல நேரியல்னு ரெண்டு துணி) லேஸ் வச்ச ஜாக்கெட்டும் ட்ரங்க் பெட்டியில கிடந்துச்சு, எடுத்து கிழிசல் எல்லாம் சரி பண்ணி வாரத்துல ரெண்டு நாளாவது உடுத்துவேன், ஓணத்துக்கு மட்டும் இல்ல. போன மாசம் ஒரு சேனல்காரங்க பஸ் ஸ்டாண்டுல பாத்து பேட்டி எடுத்தாங்க. இருபது நிமிஷம் துணியைப் பத்திதான் பேசினேன். வந்தது நாப்பது செகண்ட். "1965ல மாட்டிக்கிட்ட பொண்ணு"ன்னு தலைப்பு, பின்னாடி கிராமபோன் பாட்டு, என் கையில இருக்க மொபைலை ஜூம் பண்ணி ஒரு சிரிப்பு சவுண்டு. இப்போ ஆபீஸ்ல "வீட்டுல அம்மியிலதான் அரைப்பியா"ன்னு கேக்காங்க. பழைய துணி உடுத்துனா ஏன்க்கா இப்படியே காட்டுறாங்க?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: மக்ளே, வெப்ராளப்படாத. உன்னை மட்டும் பிடிச்சு செஞ்சது இல்ல இது. பழைய துணிக்காரங்களுக்குன்னு ரெண்டு மூணு அச்சு செஞ்சு வச்சிருக்காங்க, ஆளைப் பாத்ததும் எந்த அச்சுல ஊத்தலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் மைக்கையே நீட்டுவாங்க. முதல் அச்சு காமெடி, அது உனக்கு நடந்தது. ரெண்டாவது பேய். சிரிக்காத, வெள்ளை முண்டும் நேரியலும் உடுத்தி ராத்திரி ஏழு மணிக்கு ஒருத்தி தனியா நடந்து வந்தா நம்மூர்ல யாருக்குமே கள்ளியங்காட்டு நீலிதான் முதல்ல ஞாபகம் வரும், வில்லுப்பாட்டுல கேட்டது போதாதுன்னு சீரியல்காரனும் பேய்க்கு அந்த வெள்ளையைத்தானே மாட்டி விடுகான். மூணாவது பாரம்பரியம். 2014ல சென்னையில ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிட்டுப் போன ஹைகோர்ட் நீதிபதியை உள்ள விடல, அதே வருஷம் வேட்டி கட்டினவங்களைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டசபையில சட்டமே கொண்டு வந்தாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா அப்போ டிவிக்குள்ள உக்காந்து வேட்டிதான் தமிழன் மானம்னு பேசினவங்கள்ல எத்தனை பேரு கோட்டும் டையும் போட்டிருந்தாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

இந்த மூணுல ஒண்ணுல உன்னையும் ஊத்திட்டாங்க. மக்ளே இந்த முண்டை எப்படி துவைக்கேன்னு ஒருத்தன் கேட்டானா?

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல கேட்டியா. இங்கிலாந்துல குட்வுட்னு ஒரு கார் ரேஸ் மைதானம், 1948ல இருந்து 1966 வரைக்கும் ரேஸ் நடந்த இடம், 1998ல இருந்து அங்க வருஷா வருஷம் பழைய காருங்களை விட்டு ரேஸ் நடத்துறாங்க, பாக்க வர்ற ஜனமும் அந்தக் காலத்து உடுப்புலதான் வரும். மறுநாள் பத்திரிகையில பாத்தா தொப்பியும் சிவப்பு லிப்ஸ்டிக்கும் மட்டும் இருக்கும், ஏதோ மாறுவேஷப் போட்டி நடந்த மாதிரி. அந்தக் கோட்டு பாட்டியோடதா, பழைய கடையில தேடிப் பிடிச்சதா, தையல் பிரிச்சு இவங்களே சரி பண்ணதா, அதெல்லாம் வராது. அப்புறம் அங்கயும் உன் ஆபீஸ் கேள்விதான், அப்போ நீங்க வீட்டோட இருக்கிற பொண்டாட்டியான்னு. கேட்டுக் கேட்டு சலிச்சுப் போயி அவங்களுக்குள்ள ஒரு பேச்சே வச்சிருக்காங்க: விண்டேஜ் உடுப்பு வேணும், விண்டேஜ் புத்தி வேண்டாம்.

காசு விஷயமும் உள்ள இருக்கு. ஃபேஷன் புரோகிராம் ஓடுறது புதுத்துணி விளம்பரத்துல. ட்ரங்க் பெட்டியில இருந்து எடுத்து உடுத்துறவளால எந்த ஜவுளிக்கடைக்கு என்ன லாபம்? அதே சேனல் தீபாவளிக்கு "ரெட்ரோ கலெக்‌ஷன்"னு நேத்து தைச்சதைக் காட்டி ஆகா ஓகோன்னுவான். கடை வழக்கத்துல குறைஞ்சது இருபது வருஷம் பழசானாதான் விண்டேஜ், பழசு மாதிரி புதுசா தைச்சா அது ரெட்ரோ. ரெண்டாவதுக்கு பில்லு உண்டு, அதனால மரியாதையும் உண்டு. ஹீரோயின் பாட்டி சேலையை உடுத்தி வந்தா "விண்டேஜ் லுக்", நீ உடுத்தினா கிராமபோன் மியூசிக்.

ஆனா ஒண்ணு, உன்னையாவது நாப்பது செகண்ட் காட்டினான். வடசேரி சந்தையில ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும், முப்பது வருஷத்துக்கு மேல ஒரே டெரிகாட்டன் சட்டைதான், காலர் தேஞ்சு நூல் வந்ததும் டெய்லர்ட்ட கொடுத்து பிரிச்சு உள்பக்கத்தை வெளிய திருப்பித் தைச்சு போட்டிருக்காரு, பக்கத்துல போயி பாத்தாதான் தெரியும், அவ்வளவு சுத்தமான தையல். அவரை எவனும் விண்டேஜ்னு பேட்டி எடுக்க மாட்டான். இல்லாதவன் போட்டா அது வெறும் பழைய சட்டை, அவ்வளவுதான்.

நீ ஒண்ணு செய். அடுத்து எவனாவது மைக் நீட்டினா முண்டோட ஓரத்தை விரிச்சுக் காட்டு. பலராமபுரம் தறி நெசவுக்கு, நம்ம நாகர்கோவில் பக்கத்து சாலியர்ங்கிற நெசவுக்காரங்களைத்தான் திருவிதாங்கூர் ராஜா கூட்டிட்டுப் போயி குடி வச்சாருன்னு சொல்லு. ஜாக்கெட் லேஸைக் காட்டி, 1820கள்லயே மார்த்தா மால்ட்னு ஒரு மிஷனரி அம்மா நாகர்கோவில்ல பொண்ணுங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்கன்னு சொல்லு. அதை வெட்டிட்டு கிராமபோன் போட்டான்னா போடட்டும், மைக் கேட்டிருக்கும்ல.

கேள்வி: என் சித்தப்பாவோட 1978 பெல்பாட்டம் எனக்கு அளவா இருந்துச்சு. ஆசையா அதைப் போட்டு கல்யாணத்துக்குப் போனா வீடியோக்காரர் என் காலை மட்டும் எடுத்து காமெடி மியூசிக் போட்டுட்டாரு. சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல எல்லாம் அதுதான் ஓடுது. போட்டது தப்பாக்கா?
(வாசகர், களியக்காவிளை)

பதில்: தப்பே இல்ல தம்பி. வீடியோக்காரருக்கு ஒரு பேண்ட்டைப் பாத்தா சிரிக்கணும்னு சினிமா கத்துக் கொடுத்திருக்கு, அவரு என்ன செய்வாரு. ஆனா காலை எடுத்தவரு இன்னும் கொஞ்சம் கிட்ட போயி அடிமடிப்பை எடுத்திருக்கலாம். எங்க அப்பா தக்கலையில டெய்லரா இருந்தாரு, நான் அப்போ ஸ்கூல் பிள்ளை, கடையில உக்காந்து காஜா எடுப்பேன். பெல்பாட்டம் தரையில இழுபட்டு ஓரம் நைஞ்சு போகும்னு, பித்தளை ஜிப்பை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியை அடிமடிப்பு ஓரத்துல சுத்தித் தைச்சுக் கொடுப்பாரு. பல்லு தரையில உரசும், துணிக்கு ஒண்ணும் ஆகாது. நடந்தா சரக் சரக்குன்னு ஒரு சத்தம், அதுக்குன்னே சில பையங்க வீட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவை கூடுதலா நடப்பாங்க. நீயும் உன் சித்தப்பா பேண்ட்டை திருப்பிப் பாரு, ஜிப்பு இல்லைன்னாலும் பிரிச்ச தையல் ஓட்டையாவது இருக்கலாம்.

துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்ததாத்தான் இருக்கும், 1941ல இங்கிலாந்துல கண்டுபிடிச்ச சங்கதி, சீக்கிரத்துல மக்காது. நம்ம வெயிலுக்கு அதைப் போட்டு அந்தக் காலத்துல எப்படித்தான் வேர்த்து வழியாம காதல் பண்ணாங்களோ தெரியல. இஸ்திரி மட்டும் சூடா வைக்காத, பளபளன்னு பொசுங்கின அடையாளம் விழுந்தா போகாது.

கேள்வி: இந்த பழைய உடுப்பு பிள்ளைகளை மீடியா கேலி பண்றது தப்புதான். ஆனா ஒரு சந்தோஷம், அந்தக் காலத்துல நம்ம பெண்கள் எவ்வளவு அடக்கமா, ஒழுக்கமா உடுத்தினாங்க! அதைத்தானே எடுத்துக் காட்டணும்?
(வாசகர், வயது 70, தக்கலை)

பதில்: எந்தக் காலம் ஐயா? கொஞ்சம் பின்னாடி போனா நம்ம ஊர்ல உடுத்தவே விடல. தோள்சீலைக்காக, அதாவது பொண்ணுங்க மாரை மறைக்கிற மேல்துணிக்காக, அம்பது வருஷத்துக்கு கிட்ட அடிதடி நடந்த மண்ணு இது. 1859 ஜூலையில திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டாரு, அதுவும் எப்படி, நாடார் பெண்கள் ஜாக்கெட் போட்டுக்கலாம், இல்லன்னா முரட்டுத்துணியால மாரை மறைச்சுக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது. துணி கொடுத்தாங்க, கூடவே நீ யாருன்னு ஒரு அடையாளமும் ஒட்டிக் கொடுத்தாங்க.

மார்த்தாண்டத்துப் பிள்ளையோட அம்மச்சி ஜாக்கெட்டுக்கு லேஸ் வச்சு உடுத்தினாங்கன்னா, அவங்களுக்கு ரெண்டு மூணு தலைமுறை முன்னாடி யாரோ அடி வாங்கினதாலதான் அது முடிஞ்சுது. பழைய உடுப்பைக் காட்டும்போது அந்தக் கதையையும் காட்டினா நல்லா இருக்கும், நானும் உங்க கூட சேந்து கேக்கேன். "அந்தக் காலத்து அடக்கம்"னு தலைப்பு வச்சா மட்டும் நம்மால முடியாது ஐயா, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு உடுத்த கசவு (ஜரிகை) முண்டு பதினைஞ்சு வருஷமா பீரோவுல. கசவு கருத்துட்டு வருது. எப்படி துவைக்க, எப்படி வைக்க?
(வாசகி, பாறசாலை)

பதில்: அப்பாடா, ஒருத்தியாவது கேட்டியே! முதல்ல அதுல கஞ்சி இருந்தா தண்ணியில ஊற வச்சு கஞ்சியை எடுத்துரு, கஞ்சிக்குத்தான் பூச்சி வருது. காரமில்லாத சோப்புல பைய அலசு, பிளீச் போடாத, பிழியவே கூடாது, பிழிஞ்சா கசவு உள்ள முறிஞ்சுரும். தண்ணி வடிய விட்டு நிழல்ல காய வை. இஸ்திரி உள்பக்கமா, மேல ஒரு பருத்தித் துணியைப் போட்டுட்டுத்தான். பாச்சா உருண்டை கசவுல படவே கூடாது, கருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய வேட்டியில சுத்தி வை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்தி மடி, ஒரே மடிப்புல கிடந்தா அந்தக் கோட்டுலயே கிழிஞ்சுரும். ஏற்கனவே கருத்த இடத்துல புளி, எலுமிச்சம்பழம்னு யாராவது சொன்னா கேக்காத.

அப்புறம் பதினைஞ்சு வருஷம் ஆயிட்டு இல்ல, இன்னும் அஞ்சு வருஷம் போனா உனக்கும் ஒரு சேனல்காரன் வருவான், பாத்துக்கோ.