நான்கு ஆண்டுக் கெடு இருக்கிறதே என்று காத்திருந்தவருக்கு

கேள்வி: பிட்ஸ்பர்க் அருகே வசிக்கிறேன். பென்சில்வேனியாவின் சிற்றூர் வங்கி ஒன்று வெளியிட்ட, 1902 வரிசைப் பத்து டாலர் நேஷனல் பேங்க் நோட்டை (அந்தக் காலத்தில் உள்ளூர் வங்கி தன் பெயரில் வெளியிட்டு, அதன் காசாளரும் தலைவரும் கையெழுத்திட்ட பணத்தாள்) 2023 அக்டோபரில் தமிழ் நண்பர் ஒருவரிடம் 6,800 டாலருக்கு வாங்கினேன். 'கையெழுத்துகள் அசல் பேனா மை, எந்தத் திருத்தமும் இல்லை' என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். காசாளர் கையெழுத்தின் மேல் பிற்காலத்தில் மை ஓட்டியிருப்பதாக 2024 ஜனவரியில், பழைய நோட்டுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் தரமதிப்பீட்டு நிறுவனம் சொன்னது. வழக்குப் போட நான்கு ஆண்டுக் கெடு இருக்கிறதே என்று, குடும்ப நட்புக்காகப் பொறுத்தேன். நோட்டை ஒருவரிடம் கொடுத்து, மேலே ஓட்டிய மையை நீக்கினேன். 2025 மே மாதம் கேட்டபோது, என்னை அவமானப்படுத்திவிட்டு 1,500 டாலர் தருகிறேன் என்றார். முழுப் பணமும் வேண்டும். வழக்குப் போடட்டுமா? இல்லை, நோட்டை வேறு யாரிடமாவது விற்றுவிடட்டுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களில் பாதி, அவர் உங்கள் வீட்டில் சாப்பிட்ட விருந்துகளைப் பற்றியது. அவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. மன உளைச்சலுக்கும் இந்த வழக்கில் பணம் கிடைக்காது. அவர் வியாபாரியா இல்லையா என்பதும் பெரிய விஷயமல்ல. அந்த மின்னஞ்சல் வரி வெளிப்படையான உத்தரவாதம். தனிமனிதர் தந்தாலும் அது அவரைக் கட்டும்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: குறை தெரிந்த பிறகு எத்தனை நாளில் அவரிடம் சொன்னீர்கள்? நான்கு ஆண்டு என்பது நீதிமன்றத்துக்குப் போவதற்கான கெடு. அதற்கு முன்னால் இன்னொரு கெடு இருக்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்டவர், குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் வாங்கியவருக்கு எந்தப் பரிகாரமும் இல்லை என்கிறது பென்சில்வேனியா வணிகச் சட்டத்தின் 2607ஆம் பிரிவு. நீங்கள் 16 மாதம் மௌனமாக இருந்திருக்கிறீர்கள். சாதாரண நுகர்வோர் என்றால் நீதிபதி சற்று இளகுவார். நீங்களோ 12 ஆண்டுகளாகச் சேகரிப்பவர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

இதில் கவிழ்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே காரணம், முகத்தாட்சணியம். 'எப்படிக் கேட்பது' என்று தயங்குவார்கள். தயங்கும் நாட்களில் சும்மா இருக்காமல் அன்பாகச் செய்தியும் அனுப்புவார்கள். நீங்கள் இணைத்த வாட்ஸ்அப் பக்கங்களைப் புரட்டினேன். தரமதிப்பீட்டுக் கடிதம் வந்த மறு வாரம், கரும்பும் பானையும் போட்ட பொங்கல் வாழ்த்தின் கீழே, 'அண்ணா, நோட்டைப் பார்த்து எல்லாரும் அசந்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தாக்கல் செய்யப்போகும் சான்று அதுதான்.

இரண்டாவது தவறு அதைவிட மோசம். நோட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க வேண்டுமானால், அதன் நிலையில் பெரிய மாற்றம் ஏற்படுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். மையை நீக்கியபோது, கீழே இடப்பக்கம் இருந்த காசாளர் கையெழுத்து ஒரு பழுப்புக் கீறலாகச் சுருங்கிவிட்டது. அதோடு உங்கள் சாட்சியமும் போய்விட்டது. 'என்னிடமிருந்து போனபோது நன்றாகத்தான் இருந்தது' என்று அவர் சொன்னால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு கடிதமும் ஒரு புகைப்படமும்தான்.

மிஞ்சியிருப்பது இழப்பீடு மட்டும். உத்தரவாதப்படி இருந்திருந்தால் என்ன மதிப்பு, உண்மையில் என்ன மதிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதுவும் வாங்கிய நாளின் மதிப்பு; போன மாத ஏலத்தில் இதே ஊர் நோட்டு என்ன விலைக்குப் போனது என்ற உங்கள் கணக்கு செல்லாது. மதிப்பைச் சொல்ல நிபுணர் வேண்டும். 12,000 டாலர் வரையிலான கோரிக்கை மாவட்டச் சிறு நீதிமன்றத்திலேயே முடியும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நிபுணர் இலவசமாக வரமாட்டார்.

அதனால் சமரசம் செய்துகொள்ளுங்கள். 2,500 கேளுங்கள். 1,500-க்கு மேல் ஒரு டாலர் ஏறாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இனி இருதரப்புக்கும் கோரிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, காசோலை மாறும்வரை அவரைப் பற்றித் தமிழ்ச் சங்கக் குழுவில் ஒரு வார்த்தை எழுதாதீர்கள்.

கடைசிக் கேள்வியைப் படித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. தெரிந்த குறையை மறைத்து விற்றால், அவர்மீது நீங்கள் சொல்லும் புகாரை நாளை ஒருவர் உங்கள்மீது சொல்வார். அவருக்கு எதிராக ஒரு மின்னஞ்சல்தான் ஆதாரம். உங்களுக்கு எதிராகவோ, எல்லாம் தெரிந்தே விற்றீர்கள் என்று காட்டும் தரமதிப்பீட்டுக் கடிதமே இருக்கிறது. விற்பதானால் அந்தக் கடிதத்தின் நகலையும், மை நீக்கியவரின் ரசீதையும் நோட்டோடு சேர்த்தே கொடுங்கள்.