மூன்று பேர், ஒரே கோப்பு

கேள்வி: வெவ்வேறு கல்லூரிகளில் இருக்கும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். வேர்டு கோப்பை மெயிலில் மாற்றி மாற்றி அனுப்பியதில், நான் திருத்திய அட்டவணையே இப்போது கோப்பில் இல்லை. எதற்கு மாறலாம்?
– உதவிப் பேராசிரியை, நாகர்கோவில்

பதில்: அட்டவணைதானே போனது? என் மாணவர் ஒருவருக்கு ஓர் இயலே போயிருக்கிறது.

சமன்பாடுகள் நிறைந்த கட்டுரை என்றால், இணையத்திலேயே சேர்ந்து எழுத உதவும் ஓவர்லீஃப் தளம். இல்லையென்றால் கூகுள் டாக்ஸ் போதும். ஆனால் உங்களில் யாராவது இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார் என்றால், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்படியே ஏற்றினால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

கூகுள் டாக்ஸில் எல்லோரும் 'சஜெஸ்டிங்' முறையில் திருத்துங்கள். யார் எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்பது நிறத்தோடு தெரியும். பிடிக்காததை ஒரு சொடுக்கில் தள்ளிவிடலாம். காணாமல் போன பத்தியை, கோப்பின் பழைய வடிவங்களைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் தேடி எடுக்கலாம். ஒரு சங்கடம் உண்டு. நான் கோப்பைத் திறந்ததுமே என் பெயரோடு ஒரு கர்சர் அங்கே மின்னும். அதைப் பார்த்ததும் என் மாணவியின் கர்சர் நின்றுவிடும். நான் வெளியேறிய பிறகுதான் நகரும். இப்போதெல்லாம் அவர் எழுதும் நேரத்தில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

அப்புறம், கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களோடு எழுதிய கௌரவ விரிவுரையாளர் ஒருவர் கல்லூரி மெயிலில் கோப்பைத் தொடங்கியிருந்தார். மே மாதத்தோடு அவர் பணி முடிந்தது, கணக்கையும் நீக்கிவிட்டார்கள். கணக்கோடு கோப்பும் போனது. பணி மாறும்போது உரிமையை வேறொருவருக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேற்கோள் நூல்களுக்கு, நூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருளில் ஒரு குழு நூலகம் தொடங்குங்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையத்தில் 2006இல் பிறந்தது அது. நம்மைப் போன்ற கலைத்துறை ஆட்கள் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். நூல் விவரங்கள் எத்தனை சேர்த்தாலும் காசில்லை. பிடிஎஃப் கோப்புகளுக்குத்தான் கணக்கு: குழுவைத் தொடங்கியவரின் இலவச இடமான 300 எம்.பி.யிலிருந்து அது கழியும். ஸ்கேன் செய்த பழைய நூல் ஒவ்வொன்றும் 40 எம்.பி. என்றால் ஏழோடு சரி. அந்த மாதிரி நூல்களை கூகுள் டிரைவில் போட்டு, இணைப்பை மட்டும் ஸோட்டெரோவில் கொடுங்கள்.

கள ஆய்வில் பதில் சொன்னவர்களின் பெயரும் செல்பேசி எண்ணும் உள்ள தாளை மட்டும் பொதுக் கோப்புறையில் போட வேண்டாம். அது உங்கள் ஒருவர் கணினியிலேயே இருக்கட்டும்.