தோழியின் துக்கத்தில் ஒரு நொடி சந்தோஷம்

கேள்வி: நானும் என் தோழியும் பள்ளி நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிபவர்கள். போன வருடம் என் மகனுக்கு நீட் மதிப்பெண் போதவில்லை. இந்த வருடம் அவள் மகனுக்கும் அதே கதை. செய்தி கேட்டதும் எனக்குள் ஒரு நொடி சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. நான் இவ்வளவு கெட்டவளா? அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: சொல்லாதீர்கள். முதலில் அதை முடித்துவிடுவோம்.

உங்களுக்கு வந்த அந்த நொடியை 350 வருடங்களுக்கு முன்பே ஒருவர் பிடித்துவிட்டார். லா ரோஷ்ஃபூக்கோ என்ற பிரெஞ்சுப் பிரபு. அரசவைக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து, 1652-ல் பாரிஸில் முகத்தில் குண்டடி பட்டு, பார்வையே போகும் நிலைக்குப் போய்த் தப்பியவர். பிறகு சீமாட்டிகளின் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, மனித மனசை ஓரிரு வரிகளில் தோலுரித்துக்கொண்டிருந்தார். நெருங்கிய நண்பர்களின் கஷ்டத்திலும் நமக்குப் பிடிக்காமல் போகாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1665-ல் அச்சிட்டார். 1666-ல் வந்த அடுத்த பதிப்பில் அந்த வரியைக் காணோம். அவருக்கும் நண்பர்கள் இருந்தார்களே, புத்தகம் வாங்கிப் படித்திருப்பார்கள்!

ஆனால் வரி ஊர் சுற்றப் போய்விட்டது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் அதை வைத்தே 1731-ல் ஒரு கவிதை எழுதினார். தன் சாவையே கற்பனை செய்த கவிதை அது. அவர் செத்துப்போன சேதியைத் தோழிகள் சீட்டாடிக்கொண்டே பேசுவார்கள். துக்கத்துக்கு நடுவே துருப்பு என்ன என்றும் கேட்டுக்கொள்வார்கள். ஆக, நீங்கள் பெரிய கூட்டத்தில் ஒருவர்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் பெரிய குறை இல்லை என்று நம்பவைக்கத்தான் சின்னக் குறைகளை ஒப்புக்கொள்கிறோம் என்றும் அதே பிரபு எழுதியிருக்கிறார். நீங்கள் போய்ச் சொன்னால் உங்கள் பாரம் இறங்கும், அவள் தலையில் ஏறும். மகனைத் தேற்றிக்கொண்டிருப்பவள் உங்களையும் உட்காரவைத்துத் தேற்ற வேண்டும். போதாததற்கு, 'எவ்வளவு நேர்மையானவள்' என்ற நல்ல பெயரும் உங்களுக்கே. இது என்ன நியாயம்?

போன வருடம் அவள் உங்களுக்கு ஆறுதல் சொன்னபோது, அவளுக்கும் இப்படி ஒரு நொடி வந்திருக்கலாம். அதையும் கேட்டு வைக்காதீர்கள்.

நொடி தானாக வந்தது, போய்விட்டது. அதற்குச் சோறு போட்டு வளர்த்தால்தான் வம்பு. 'பாவம், அவ்வளவு கோச்சிங் போயும்...' என்று நாலு பேருக்கு போன் செய்யத் தோன்றும் பாருங்கள், அங்கே கவனம் வேண்டும். நம்மூரில் 'பாவம்' என்று ஆரம்பிக்கும் பேச்சில் பாதி, அடுத்தவர் மானத்தை ஏலம் விடத்தான்.

இன்னொன்று. யாரும் சும்மா எதையும் செய்வதில்லை என்று சொல்லி, தன் புது வரிகளுக்குப் பதிலாக கேரட் சூப்பும் ஆட்டுக்கறியும் கேட்டு மதாம் த சாப்லே என்ற தோழிக்குக் கடிதம் எழுதியவர் அந்தப் பிரபு. சுயநலத்தை அவ்வளவு தெரிந்தவரும் நட்பை விட்டுவிடவில்லை.

நாளைக்கே அவள் வீட்டுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் வேண்டாம். விண்ணப்பிக்க நாள் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் உங்கள் மகனுக்காக அலைந்த அலைச்சலில் மற்ற வழிகளும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையனுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்காமல் அவனிடமே கேளுங்கள்.