வேலூர் வெயிலில் காளான் வளருமா? சின்னக் கழனி வைத்திருப்பவர் மாசி, பங்குனியில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். "வேலூர் வெயிலுக்குக் காளானா, ஊட்டிக்குப் போ" என்று என் பங்காளிகள் சொல்லிச் சொல்லிக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஊட்டியில் விளைவது மொட்டுக்காளான், அதற்குக் குளிர் வேண்டும். நமக்கு அது எதற்கு? சிப்பிக்காளான் 20 முதல் 30 டிகிரியில் நன்றாக வரும், மாசி வரைக்கும் ஓட்டலாம். பங்குனி பிறந்ததும் பால்காளானுக்கு மாறிவிடுங்கள். அதற்கு 30, 35 டிகிரிதான் பிடிக்கும். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் அதுதான்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். அப்படியானால் பெரிய ஷெட் போட்டுக் கடன்படாதீர்கள். வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது கீற்றுக் கொட்டகைதான். மாசியில் கீற்று மாற்றி, தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கவிடுவோம்.

காளான் வளர்வது வைக்கோலில், அதனால் வைக்கோல்தான் எல்லாம். மழையில் நனையாத, அந்த வருடத்துச் சம்பா வைக்கோலாக இருக்க வேண்டும். முன்பு எங்கள் கழனியிலேயே கிடைத்தது. இப்போது மூன்று பக்கமும் கல் நட்டு பிளாட் போட்டு, கால்வாயையும் தூர்த்துவிட்டார்கள். மனு மேல் மனு கொடுத்தாயிற்று, கேட்பாரில்லை. நெல் விளைந்த மண்ணில் இன்று வேலிகாத்தான் நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சரி, அதை விடுங்கள்.

நறுக்கிய வைக்கோலை ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்துவோம். என் மனைவி ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பார்ப்பாள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் விரலிடுக்கில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. அவள் "போதும்" என்று சொன்ன பிறகுதான் காளான் விதைப் பையைப் பிரிப்பேன். வைக்கோலையும் விதையையும் மாற்றி மாற்றிப் பையில் அடுக்கினால் அதுதான் படுக்கை. பிழியும்போது சொட்டு விழுந்தால் பச்சைப் பூஞ்சாணம் நிச்சயம்.

பால்காளானுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விதையிலிருந்து வெள்ளை இழை முழுக்கப் பரவியதும் படுக்கையை இரண்டாக அறுத்து, ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணை மேலே இரண்டு சென்டிமீட்டர் போட வேண்டும். தினமும் தெளித்துவந்தால் பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு மொட்டு எட்டிப் பார்க்கும்.

லட்சம் லட்சமாக வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விதை விற்பவர்களை நம்பவும் வேண்டாம். சிப்பிக்காளானை அன்றைக்கே விற்றாக வேண்டும், பால்காளான் இரண்டு மூன்று நாள் தாங்கும். எங்களுக்கு வீட்டுச்செலவு போக மிச்சம் நிற்கிறது. கழித்த வைக்கோல் மட்கியதும் முள்ளு கத்தரிக்குப் போகிறது.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று முதலில் விசாரியுங்கள். விதைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்து, வெயில் ஏறுவதற்குள் வாங்கி வந்துவிடுங்கள். பஸ்ஸில் சூடு பட்டால் விதை அங்கேயே கெட்டுவிடும்.